பேர் சொல்லாமல் ஒரு ஆளைக் கூப்பிடுகிறாயாமே

மாடியில் இருக்கும் என் ஈஸ்வரிக்கு,

போனவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் மேலோகம், வானம் என்று எங்கெங்கோ விலாசம் போடுகிறார்கள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. நம் மருந்துக்கடைக்கு மேலே படியேறினால் நீ யோகா வகுப்பு எடுத்த கூடம். நீ இன்னும் அங்கேதான் இருக்கிறாய் என்று கூடலூரில் பாதிப் பேர் பேசிக்கொள்கிறார்கள். நம்பாதவன் நான் ஒருவன்தான். நம்பாமல்தான் இதை எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் கேலி செய்யாதே.

சித்திரையில் நீ போனதும் மாடியைப் பூட்டிவிட்டேன். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் சாயங்காலம் பாண்டியம்மா வந்து சாவி கேட்டாள். ஏலக்காய்த் தோட்டத்து வேலை முடிந்து ஜீப்பிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தாள். உன்னிடம் படித்த மற்ற பெண்களும் அவள் பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "கொஞ்ச நேரம் படுத்துட்டுப் போறோம்ணே" என்றாள். உன்னை நினைத்து அழத்தான் போகிறார்கள் என்று கொடுத்துவிட்டேன்.

கடையில் உட்கார்ந்திருந்தேன். மேலே பாய்கள் விரிகிற சத்தம் கேட்டது. பிறகு எல்லாக் கால்களும் ஒரே நேரத்தில் ஓரடி விலகின. கொஞ்சம் பொறுத்து எல்லாக் கைகளும் சேர்ந்து தரையில் ஊன்றின. யாரும் எண்ணிக்கை சொல்லவில்லை, பேச்சே இல்லை. இருமல் மருந்து வாங்க வந்தவர் மேலே பார்த்துவிட்டு, "புது டீச்சர் வந்துட்டாகளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

இறங்கி வந்த பாண்டியம்மாவை நிறுத்தி, யார் சொல்லிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"டீச்சர் சொல்றாக."

"எந்த டீச்சர்?"

என்னை இரக்கமாகப் பார்த்தாள். "நமக்கு எத்தன டீச்சர்ணே இருக்காக?"

தினமும் வந்தார்கள். ஆடிக்காற்று ஆரம்பித்து, கரண்ட் போய்ப் போய் வந்த நாட்களிலும் வந்தார்கள். கடைசியில் அவர்கள் சவாசனத்தில் படுத்த பிறகு, மேலே ஒரே ஒரு ஆள் மட்டும் வெறுங்காலோடு நடக்கிற சத்தம் கேட்கும். எலியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் பாதிப் படி ஏறி எட்டிப் பார்த்தேன். எல்லாரும் கண்ணை மூடிக் கிடந்தார்கள். முதல் வரிசையில் ஓரத்தில் படுத்திருந்தவளின் தோள்பட்டை மெதுவாகத் தரையோடு அமுங்கியது. பிறகு அடுத்தவளுடையது, பிறகு அதற்கடுத்தவளுடையது. நீ ஒவ்வொருத்தியாக அழுத்திக்கொண்டு போவாயே, அதே வரிசையில். நான் இறங்கி வந்து கடை விளக்கையெல்லாம் போட்டேன்.

நம் பழைய சண்டை உனக்கு மறந்திருக்காது. யோகா சொல்லித்தருகிறவர்களுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்று டிவியில் யாராவது பேசினால் நான் சத்தத்தைக் கூட்டுவேன், நீ வந்து குறைப்பாய். "மூச்சு விடவுமா லைசென்ஸ்?" என்பாய். தலைவலி மாத்திரை விற்கிறவனுக்கே கேட்கிறார்கள், அடுத்தவள் கழுத்தைத் திருப்புகிறவளுக்கு வேண்டாமா என்று நான் எகிறுவேன். நீ மதுரையில் ஒரு முகாமில் கற்றது, பிறகு உன் முதுகுவலியிடம் கற்றது, அவ்வளவுதானே உன் படிப்பு? அதற்கு நீ சொன்னது இதுதான். "ஒங்க லைசென்ஸ் கண்ணாடிச் சட்டத்துல தொங்குது, நீங்க டீக்கடையில நிக்கிறீக. ஆளில்லாத கடையில காகிதமா எந்திரிச்சு வந்து மருந்து குடுக்கும்?"

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போது உன் வகுப்பைப் பார். காகிதமும் இல்லை, ஆளும் இல்லை.

உன் பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆவணி பிறந்த புதிதில் பாண்டியம்மா மாடியிலிருந்து பாதி வகுப்பிலேயே இறங்கி வந்தாள். "டீச்சர் என்னைய இன்னைக்கு ஒண்ணும் செய்யாத, போய் பிரஷர் பாருன்னு சொல்லிட்டாக" என்று கையை நீட்டினாள். பட்டையைச் சுற்றிப் பார்த்தேன். மெஷின் காட்டியதைப் பார்த்து எனக்கு வியர்த்துவிட்டது. மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறதாம், என்னிடம்கூடச் சொல்லவில்லை. பிரஷர் ஏறியிருந்தது அவளுக்கே தெரியவில்லை, உனக்கு எப்படித் தெரிந்தது? கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்கிறேன்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. குமுளிப் பக்கமிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த சிந்து என்று ஒரு சின்னப்பெண். அவளும் தோட்டத்து ஜீப்பில் போகிறவள். நீ அவளைப் பார்த்ததில்லை, அவளும் உன்னைப் பார்த்ததில்லை. கழுத்துவலி என்று இவர்களோடு மாடிக்கு வந்தாள். எல்லாரும் காலைத் தூக்கிச் சர்வாங்காசனத்தில் நின்றபோது அவளும் நின்றிருக்கிறாள். இறங்கும்போது கழுத்தில் ஏதோ சொடுக்கியிருக்கிறது. ஒரு கையைத் தூக்க முடியாமல் கடை வாசலில் வந்து நின்றாள். "விரலெல்லாம் மரத்துப் போச்சுண்ணே. சேச்சிமாரு செஞ்சாக, நானும் செஞ்சேன்."

"டீச்சர் ஒன்னைய வேணாம்னு சொல்லலையா?" என்று பாண்டியம்மா கேட்டாள்.

"எந்த டீச்சர்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. உயிரோடு இருந்தபோது நீ தொட்டுப் பார்த்த உடம்புகளைத்தான் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வந்தவள் உன் கண்ணில் படவே இல்லை. தேனியில் டாக்டரிடம் காட்டினோம். நல்லவேளை, நரம்பு பிசகவில்லை, ஆறிவிடும் என்றார். எங்கே கற்றாய், யார் சொல்லிக்கொடுத்தது என்று அவர் சிந்துவைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் யாரைக் காட்டுவது, ஈஸ்வரி? லைசென்ஸ் என்றால் கண்ணாடிச் சட்டம் என்றுதான் நீயும் நானும் சண்டை போட்டோம். தப்பு நடந்தால் போய்க் கேட்பதற்கு ஒரு ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அது. உன்னை யார் எங்கே வந்து கேட்பார்கள்?

கை சரியானதும் மறுபடியும் வருவேன் என்கிறாள் அந்தப் பெண். அந்தக் கழுத்தோடு தோட்டத்தில் குனிந்து நிமிர வேறு வழி தெரியவில்லை அவளுக்கு. மாடியைப் பூட்டினால் மற்றவர்கள் என்னை விடமாட்டார்கள். அதனால் தேனியில் யோகாவை முறையாகப் படித்துப் பட்டயம் வாங்கிய கிருத்திகாவை வரவழைத்தேன். நீ பொறாமைப்படுவாய், நல்ல பெண். ஆரம்பிக்கும் முன்பே ஒவ்வொருத்தியிடமும் என்ன நோய், என்ன மாத்திரை, எப்போது பிரசவம் என்று கேட்டாள். சிந்துவை இரண்டு கேள்வியிலேயே பிடித்துவிட்டாள். "உங்களுக்கு இதெல்லாம் இப்ப கூடாதுங்க, சுவரோரமா உக்காந்து தோளை மட்டும் சுத்துங்க" என்றாள். படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு நிம்மதியாக இருந்தது. பெண்களும் அவள் சொன்னதையெல்லாம் செய்தார்கள்.

கடைசியில் சவாசனம். எழுந்திருங்கள் என்றாள் கிருத்திகா. யாரும் அசையவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். சிந்து மட்டும் எழுந்து உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கிருத்திகா படிக்கு வந்தாள், முகம் வெளுத்திருந்தது. "சார், எல்லாரும் மூச்சு விடறாங்க, முழிச்சுத்தான் இருக்காங்க. ஆனா எந்திரிக்க மாட்டேங்கிறாங்க. யாருக்காகக் காத்திருக்காங்க?"

பாண்டியம்மாதான் கண்ணைத் திறக்காமல் பேசினாள். "டீச்சர் எங்க ஒவ்வொருத்தி பேரையும் சொல்லி எழுப்புவாகல்லண்ணே. இப்பயும் சொல்றாக. எல்லாப் பேரும் முடிஞ்சு, கடைசியா பேரில்லாம ஒரு ஆளக் கூப்பிடுறாக. 'ஏங்க, நீங்களும் எந்திரிங்க'ங்குறாக. அந்த ஆளு எந்திரிக்காம நாங்க எப்புடிண்ணே எந்திரிக்கிறது? தெனமும் காத்துக் கெடந்துட்டு, சோறாக்கணுமேன்னு நாங்களா எந்திரிச்சுப் போறோம்."

"அவுக இருந்தப்ப அப்புடிக் கூப்பிட்டாகளா?" என்றேன்.

"இல்லண்ணே. போனதுக்கப்புறந்தான்."

கிருத்திகா ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். "அவங்க என் பேச்சுக்கு எந்திரிச்சாத்தான் நான் பொறுப்பேத்துக்க முடியும் சார். இல்லைன்னா நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க." சரியான பேச்சு. அவள் வராவிட்டால் சிந்து மறுபடியும் உன் வகுப்பில்தான் வந்து நிற்பாள். அவளுக்குச் சொல்ல அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

ஈஸ்வரி, நான் உன் வகுப்புக்கு ஒருநாளும் வந்ததில்லை. கூட்டத்தில் பாயில் படுக்க வெட்கம். இப்போது உன் பெண்களெல்லாம் கேட்கிற உன் குரல் எனக்குக் கேட்கவில்லை என்பது எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது தெரியுமா? நீ போன அந்த விடியற்காலையில் காபி ஆறுகிறது என்று உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பேர் சொன்னேன், தோளைத் தொட்டு உலுக்கினேன். நீ எழுந்திருக்கவில்லை. அதற்குத்தான் என்னைத் தினமும் கூப்பிடுகிறாயா? இல்லை, நான்தான் இன்னும் அந்தக் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவில்லை என்று உனக்குத் தோன்றுகிறதா?

கிருத்திகாவை இன்னும் ஒரே ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். நாளைக்குச் சாயங்காலம் ஜீப் வரும்போது நானும் மாடியேறி ஓரத்தில் படுக்கிறேன். என்னைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்திருந்தால் அது நடக்காது. எல்லாப் பேரும் முடிந்து நீ என்னைக் கூப்பிடும்போது எழுந்துவிடுவேன். நான் எழுந்தால் அவர்களும் எழுவார்கள். அதோடு அவர்களைக் கிருத்திகாவிடம் விட்டுவிடு. பிறகு மாடியில் உன் கால் சத்தம் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

எனக்கு ஒரே பயம்தான். அங்கே படுத்தும் உன் குரல் கேட்காமல் போனால்? போகட்டும். கேட்டதுபோலவே எழுந்திருப்பேன். கேட்கவில்லை என்று யாரிடமும் சொல்லமாட்டேன், இது சத்தியம்.

நீ ‘ஏங்க’ என்று மட்டுமே கூப்பிட்ட,
உன் வீட்டுக்காரன்