பாலம் வருது, வாங்க

ஓவேலி
ஜூன் 12, 2025

அன்புள்ள சசி அண்ணாவுக்கு,

மழையில் டவர் படுத்துவிட்டது. அதனால்தான் கடிதம். உன்னைப் பார்க்க கோவாவுக்கு பஸ் ஏறிப் போன அப்பா பெட்டியில் திரும்பினார். அடக்கம் முடிந்தது. விமானத்தில் கோயம்புத்தூருக்கு ஒன்றரை மணி நேரம்தான் என்றாயே. அங்கிருந்து நம் எஸ்டேட் லயத்து வீட்டுக்கு எட்டு மணி நேரம். ஆம்புலன்ஸ் எஸ்டேட் கேட்டோடு நின்றது. ஓட்டுக் கேட்க மட்டும் ஜீப் ஏறும் பாதை அது. பக்கத்து வீட்டு ஜெர்சனும் மாரப்பனும் தோளில் சுமந்தார்கள்.

ஒவ்வொரு பாலத்திலும் "பாலம் வருது, வாங்கப்பா" என்று நம் வழக்கப்படி கூப்பிட்டேன். கூப்பிடாவிட்டால் செத்தவர் அக்கரையிலேயே நின்றுவிடுவாராம். "கோயம்புத்தூரு வரைக்கும் அவர யாரு கூப்பிட்டது?" என்கிறாள் அம்மா. எட்டாம் நாள் வாசலில் பரப்பிய மாவில் அப்பாவின் காலடி விழவில்லை; அவர் வீடு வந்து சேரவில்லையாம்.

நீ ஏன் கூட வரவில்லை?

கீர்த்தனா

கோவா
ஜூன் 19

அன்புத் தங்கைக்கு,

காண்ட்ராக்டர் ஒரு நாள்தான் லீவு கொடுத்தான். அது ஆஸ்பத்திரி வாசலிலேயே போய்விட்டது. அப்பாவின் பெட்டியை இந்தக் கையால்தான் விமானத்தில் ஏற்றினேன். ஆகாயத்தில் எங்கே பாலம்? சாரல் அடித்தால் மாவில் என்ன தெரியும்? அம்மாவுக்கு எடுத்துச் சொல்.

ஒன்று, சிரிக்காதே. எங்கள் சரக்குக் கொட்டகையின் எடை மேடை, காலியாக இருக்கும்போதே ஐம்பத்திரண்டு கிலோ காட்டுகிறது. மெக்கானிக் பழுதில்லை என்கிறான். கூட வேலை செய்கிற அப்சல் அந்தப் பக்கம் போவதில்லை. பீடி வாசனை வருகிறதாம்.

சசிதரன்

ஓவேலி
ஜூன் 26

அண்ணா,

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை. டிஸ்பென்சரியில் கடைசியாகப் பார்த்தபோது அப்பா ஐம்பத்திரண்டு கிலோ.

"இங்கதான் பறிச்ச தேயிலையில அரைக்கிலோ கழிச்சுக் கழிச்சுக் கொன்னானுங்க. செத்தும் தராசுலயா நிக்குறாரு? பிளேனு வேணாம். பஸ்ல கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கூட்டிட்டு வரச் சொல்லு" என்றாள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் அம்மா சோறு தொடுவதில்லை. வா அண்ணா.

கீர்த்தனா

மைசூர் பஸ் ஸ்டாண்ட்
ஜூலை 3

கீர்த்தனா,

வேலையை விட்டுவிட்டேன். எடை மேடை பக்கத்தில் நின்று, "ஊட்டுக்குப் போலாம், வாங்கப்பா" என்றேன். எண் பூஜ்யத்துக்கு இறங்கியது.

வழியெல்லாம் பாலம் பாலமாகக் கூப்பிட்டேன். பஸ்ஸில் இருந்தவர்கள் போனில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நிற்க இடமில்லாத கூட்டம், ஆனால் என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. கண்டக்டர் என்னிடம் "ரெண்டு டிக்கெட்டா?" என்றார்.

நாளை காலை கூடலூர் பஸ். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடுவேன். இருந்தாலும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

சசிதரன்

ஓவேலி
ஜூலை 9

அண்ணா,

மைசூர் கடிதம் இன்றுதான் வந்தது. நீ வரவில்லை.

நீ கிளம்புவதாக எழுதிய அதே வெள்ளிக்கிழமை, மைசூரிலிருந்து வந்த ஒரு பஸ் தெப்பக்காட்டுப் பாலத்தில் ஆற்றோடு போய்விட்டது. செத்தவர்களில் உன் பெயர் இல்லையாம். நம்மைப் போன்றவர்கள் பெயரை எவன் விசாரித்து எழுதுகிறான்?

நேற்று சாயங்காலம் மழை விட்டதும் லயத்துக்குக் கீழே மூங்கில் பாலத்தில் அப்பாவின் குரல். நானும் கேட்டேன். "வந்துட்டாரு!" என்று அம்மா சிரித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அடுத்த சொல் காதில் விழுந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பாலம் வருது சசி, வாப்பா."

அப்பாவுக்காக மறுபடி வாசலில் பரப்பியிருந்த மாவைப் பார்க்க எங்கள் இருவருக்கும் தைரியமில்லை. சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

இதை உன் கோவா அறைக்கே அனுப்புகிறேன். நீ அங்கே திரும்பிப் போயிருந்தால், எனக்குக் காது கெட்டுப்போய்விட்டது என்று ஒரு வரி எழுது. அதற்குப் பிறகுதான் சாக்கை எடுப்பேன்.

உன் தங்கை
கீர்த்தனா