வெறும் கேஸ்

தம்பிக்கு,

அக்காவின் அன்பு. அனைவரும் நலம் என்று எழுதிப் பழகிய கை, இந்த முறை அப்படி எழுத முடியவில்லை. அண்ணனுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. தேறி வருகிறார். பதறாமல் முழுவதும் படி.

என் வேலை உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் புற்றுநோய் விவரங்களைப் பதிவகத்தில் மாவட்டவாரியாகச் சேர்க்கிறோம். இந்த வருடம் இரைப்பைப் புற்றுக்கான வரைபடம் என் பொறுப்பு. மொத்தத்தில் நல்ல செய்திதான். நாம் சின்னப்பிள்ளைகளாக இருந்த காலத்தை விடப் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. நோய் கூடினால் சிவப்பு, குறைந்தால் வெளுப்பு என்ற கணக்கில் கடலோர மாவட்டங்கள் வெளுத்தே விட்டன. வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வந்து, உப்புப் போட்ட கறியும் புகை போட்ட மீனும் குறைந்ததும், தண்ணீர் சுத்தமானதும் காரணம் என்கிறார்கள். நம் மலை மாவட்டம் மட்டும் இன்னும் அடர் சிவப்பு. அங்கும் குறைகிறது, ஆனால் ஆமை வேகம். பக்கத்து சீட்டுக்காரர், "மேடத்துக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். சிவப்பைக் காட்டினேன். டீ வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார்.

அந்த வாரம்தான் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். நெஞ்செரிச்சல் மாத்திரையை மிட்டாய் மாதிரி சப்பிக்கொண்டே இருந்தார். கேட்டதற்கு, "வெறும் கேஸ்தாம்மா" என்றார். எங்கள் ஆபீஸில் ஒவ்வொரு நோயாளியும் ஒரு கேஸ். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "டேஷ்போர்டுல ரெட் லைட் எரியுற பஸ்ஸ எடுப்பியாண்ணா?" என்றேன். இத்தனை வருடம் பஸ் ஓட்டியவர், "எத்தனையோ தடவ எடுத்திருக்கேன்" என்றார். கடைசியில் அண்ணிதான், டாக்டரைப் பார்க்கும்வரை அடுப்பு எரியாது என்று சொல்லிவிட்டார். ஒரு நாள் பட்டினிக்குப் பிறகு மனிதர் கிளம்பினார்.

குழாய் விட்டுப் பார்த்ததில் சின்னப் புண். ஆரம்ப நிலைப் புற்று. இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தார்கள். இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடுகிறார். கைக்குழந்தையை வளர்ப்பது போல இருக்கிறது என்று அண்ணி சலித்துக்கொள்கிறார், முகம் மட்டும் தெளிவாக இருக்கிறது.

அண்ணனின் விவரம் என் மேஜைக்கே வந்தது. தான் பதியட்டுமா என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். நானே பதிந்தேன். பிறந்த ஊர் என்ற இடத்தில் விரல் சற்று நின்றது.

அந்த ஊரை விட்டு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டதே என்பாய். டாக்டரிடம் நானும் அதையே சொன்னேன். சின்ன வயதில் வயிற்றில் புகும் கிருமி ஒன்று உண்டாம். சத்தமில்லாமல் குடியிருக்குமாம். நாம் வீடு மாறினால் அதுவும் சாமான்களோடு கிளம்பிவிடும். எல்லோருக்கும் அதனால் கெடுதல் வருவதில்லை. எனக்கும் பார்த்தார்கள், இருந்தது. மாத்திரையில் போய்விட்டது.

போன மாதம் போனில் நீயும் நெஞ்செரிச்சல் என்றாய். கேன்டீன் சாப்பாட்டின் மேல் பழி போட்டாய். கேன்டீன்காரர் பாவம், அவரை விட்டுவிடு. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லாதே. அண்ணனும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் சொன்னா பயந்துடுவான், நீ பக்குவமா எழுது" என்றார். எனக்குப் பக்குவமாக எழுத வரவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும். டாக்டரைப் பார்த்ததும் எனக்குப் போன் செய். என்ன சொன்னாலும் செய். ஆபீஸ் நம்பருக்கு மட்டும் வேண்டாம், வீட்டுக்குச் செய்.

உன் அக்கா