வாழைக்குக் குளிர் தெரியும் விதம்

இன்று காலை ஃபிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே ஒரு சீப்புப் பழம் தோல் கறுத்துக் கிடந்தது. ஊருக்குக் கிளம்பும் முன் என் தங்கச்சி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நீ இருந்தவரை இந்த வீட்டில் வாழைப்பழம் ஃபிரிட்ஜுக்குள் போனதில்லை. அதைக் கையில் எடுத்ததும், போன வாரம் உன் கல்லூரியில் நான் பட்ட வெட்கம் மறுபடி முகத்தில் ஏறியது.

உனக்கு நினைவுக்கூட்டம் வைத்திருந்தார்கள். படத்துக்கு மாலை போட்டபின், "மேடத்தோட ஆராய்ச்சியப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க சார்" என்று உன் மாணவி மைக்கை நீட்டினாள். நான் சின்னமனூரில் வாழை மண்டி வைத்திருப்பவன். குளிர் அறையில் காயைப் பழுக்கவைத்து அனுப்புவது என் தொழில். வாழைக்குக் குளிர் எப்படித் தெரிகிறது என்பதே உன் படிப்பு. இத்தனை வருஷம் புருஷன் பெண்டாட்டியாக ஒரே வீட்டில் இருந்தோம். "வாழையில என்னமோ பண்ணிக்கிட்டிருந்தாக" என்பதற்குமேல் எனக்கு வார்த்தை வரவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நீ சொல்ல வராமலில்லை. கல்யாணமான புதிதில் சோறு போட்டுக்கொண்டே, "ஏங்க, குளிர் அதிகமானா உங்க பழம் கறுக்குதே, ஏன்னு தெரியுமா?" என்றாய்.

"கறுக்கும்னு தெரியும். அது போதும் எனக்கு."

நீ ரசம் ஊற்றினாய். பிறகும் சில தடவை ஆரம்பித்தாய். போன் வந்தது, லாரி வந்தது. எப்போது கேட்பதை விட்டாய் என்றுகூட எனக்குத் தெரியாது.

கூட்டம் முடிந்ததும் மைக் நீட்டிய அந்தப் பெண் என்னை உன் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனாள்.

"மார்கழியில தேங்காயெண்ணெய் உறையுதுல்ல சார், அது மாதிரிதான். ஒவ்வொரு செல்லச் சுத்தியும் கொழுப்பாலான மெல்லிசு சவ்வு இருக்கு. குளிர் பட்டா அது இறுகும். உடனே கால்சியம் செல்லுக்குள்ள பாயும். குளிர் வந்திருச்சுங்கிற சேதி அதுதான். சேதி கிடைச்ச செடி, லேசுல உறையாத கொழுப்பாச் சேத்துச் சவ்வ இளக்கிக்கும். வாழை வெக்கையில வளர்றது, அதுக்கு அந்தச் சாமர்த்தியம் கம்மி. சவ்வு கசிஞ்சு, உள்ள தனித்தனியா இருந்ததெல்லாம் கலந்து தோல் கறுத்துப்போகுது."

கொஞ்சம் தயங்கினாள். "தேங்காயெண்ணெய் கதை மேடம் சொன்னது சார். உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லணும்னு யோசிச்சு வச்சதாம்."

நான் தலை நிமிரவில்லை. உன் மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்று மண்டிக்கு வந்த லாரி டிரைவர், வழியில் பழம் கெடாமலிருக்க இன்னும் குளிரைக் கூட்டச் சொன்னார். வேண்டாம் என்று, சவ்விலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினேன். தட்டுத்தடுமாறித்தான். ஆனால் ஒன்றையும் விடவில்லை.

"இதெல்லாம் யாருண்ணே சொன்னது?"

"என் வீட்டுக்காரி" என்றேன்.

அவர் நம்பினார். இனி யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லப்போகிறேன். அன்றைக்கு நீ சொல்லவந்தபோது காது கொடுத்திருந்தால், அது உண்மையாக இருந்திருக்கும்.