பூட்டிய கெபெஜே

கர்கராலி, 1944 ஜனவரி

என் வீட்டுக்காரருக்கு பல்கியா எழுதுவது. நானும் அத்தையும் நலம். உங்கள் நலத்தை நீங்கள் உங்கள் கையாலேயே எழுத வேண்டும். பட்டாளத்தின் பழைய முகவரிக்கே இதை அனுப்புகிறேன்.

பண்ணையில் நொண்டிக் குதிரையை அறுத்து வீட்டுக்கு வீடு பங்கு வைத்தார்கள். எங்களுக்கு வந்ததில் உங்கள் பங்கை வழக்கம்போல ஒதுக்கி, உப்பிட்டு, நம் சாப்பாட்டுப் பெட்டி கெபெஜேயில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது.

போன வாரம், சண்டையில் உங்களைக் காணவில்லை என்று பட்டாள ஆபீசிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மறுநாளே உங்கள் அண்ணன் சறுக்குவண்டியோடு வந்துவிட்டார்.

"செத்தவன் பங்கை எதுக்கும்மா பூட்டி வெச்சிருக்கே? காரியத்துக்குச் சமைச்சிடலாம். பெட்டியைத் தூக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் எங்க வீட்டோட வந்துடுங்க. ரெண்டு அடுப்பு எதுக்கு?" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அதற்காக நான் இளகவில்லை. சாப்பாட்டுப் பெட்டி வாசல் தாண்டினால் அந்த வீடு அணைந்தது என்றுதானே நம் ஊரில் அர்த்தம்?

"காணோம்னுதானே சொன்னாங்க? செத்துட்டார்னு யார் சொன்னது?" என்றேன்.

அவர் பெட்டியின் காலைப் பிடித்தார். நான் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மூத்தவர் எதிரே மருமகள் உட்காரலாமா என்று ஊர் பேசட்டும். "தூக்குறதா இருந்தா என்னையும் சேர்த்துத் தூக்குங்க" என்றேன்.

தூக்கித்தான் பார்த்தார். முடியவில்லை. அடுப்பருகே உட்கார்ந்திருந்த அத்தை, "என்னடா, கனக்குதா? உன் தம்பி பங்கு உள்ளே இருக்கில்ல, கனக்கத்தான் செய்யும். வண்டியைத் திருப்பு" என்றார். பிறகு எழுந்து வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். உங்கள் அண்ணன் தலை குனிந்தபடி போய்விட்டார். வாசலில் ஒரு கட்டு விறகைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதையும் சொல்ல வேண்டும்.

இனி யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் இதே பதில்தான். வெயில் காலம் வந்தால் இறைச்சியைப் புகையில் காட்டி எடுத்து வைப்பேன்.

நீங்கள் எப்படி வந்தாலும் சரி. கையோ காலோ குறைந்திருந்தால் அதைச் சொல்லத் தயங்கி எங்கேயும் தங்கிவிடாதீர்கள். நான் கணக்குப் பார்க்கிறவள் இல்லை. கடவுள் உங்கள் வழியை இந்தப் பக்கமாகவே திருப்பட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில், உங்கள் வீட்டுக்காரியாகவே இருக்கும்
பல்கியா