என் பிழைக்கு உன் பெயர்

இன்று காலை, மகர்பட்டா அலுவலகப் பயிற்சி அறையின் வெண்திரையில் உன் பெயர் ஒளிர்ந்தது, தோழி. நீ மறைந்து ஓராண்டுகூட ஆகவில்லை. பழைய இணைய முடக்கம் ஒன்றைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடமாகக் காட்டினார்கள்; அதில் ‘பிழை செய்தவர்’ என்ற சொற்களுக்கு எதிரே உன் பெயர்! என் குருதி கொதித்தது.

அந்த நண்பகலை மறப்பேனா? இரு பெரிய நிறுவனங்களின் வலையமைப்புகளுக்கு நடுவே நம்முடைய சிறிய வலையமைப்பு. ஒன்றோடு முன்பே இணைந்திருந்தோம். மற்றதோடு அன்று இணைய வேண்டும். நம் வழியாக எந்த முகவரிகளை அடையலாம் என்பதை, தரவுக்கு வழிகாட்டும் கருவியான நம் திசைவி அண்டை வலைக்கு அறிவிக்கும். நம் முகவரிகளை மட்டும் வெளியே விடும் வடிகட்டியை எழுதி முடிக்காமல் இணைப்பைத் திறக்க மாட்டேன் என்றாய்.

“ஃபில்டர் பாத் மே! பெஹலே லிங்க் சாலூ கரோ!” வடிகட்டி பிறகு, இணைப்பு முதலில் என்று அதட்டினார் மேலாளர்.

“நஹி ஹோகா, சார்”, முடியாது என்றாய், இந்த ஊர்த் தாபோடியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணுக்கே உரிய நிமிர்வோடு. பிறகு என் பக்கம் திரும்பினாய்: “நம்மளோடத மட்டும்தான் நாம சொல்லணும், அண்ணே. அடுத்தவங்களோடத சொல்ல நாம யாரு?”

நீ உண்ணச் சென்றாய். தனித்தமிழ் மேடைகளில் எவருக்கும் அடங்காமல் முழங்கும் நான், மேலாளரின் ஒரு பார்வைக்கு அடங்கினேன். கணினியில் உன் நுழைவுப் பெயரிலேயே எல்லோரும் வேலை செய்வது நம் பிரிவின் வழக்கம். அந்தப் பெயரிலேயே இணைப்பைத் திறந்தேன். ஒரு நிறுவனத்திடம் கேட்டறிந்த முகவரிகளையெல்லாம் நம் திசைவி மற்றதற்கு அறிவித்தது. அவர்களுடைய தரவுப் போக்குவரத்தெல்லாம் நம் மெல்லிய கம்பிக்குள் பாய, ஹடப்சர் வட்டாரம் முழுவதும் நம் இணையம் முடங்கியது.

கடித்த வடாபாவ் கையிலிருக்க ஓடிவந்து இணைப்பை மூடினாய். “திசைவி, வலையமைப்புன்னு பேரெல்லாம் நல்லாத்தான் வெக்கறீங்க. வடிகட்டி எங்கண்ணே?” என்று சிரித்தாய். கணினிப் பதிவில் உன் பெயர் விழுந்திருந்தது. உண்மையைச் சொல்ல எழுந்தேன். “உக்காருங்க. உங்க வேலை இன்னும் பர்மனன்ட் ஆகல. என்னைய அவங்க தூக்க மாட்டாங்க.” நான் அமர்ந்தேன். வெட்கமின்றி அமர்ந்தேன்!

இன்று அமரவில்லை. “அந்தப் பெயரை அழியுங்கள்! இணைப்பைத் திறந்த கை என்னுடையது!” என்று முழங்கினேன். தமிழில் முழங்கியதால் ஒருவருக்கும் விளங்கவில்லை. என் உடைந்த இந்தியில் மீண்டும் முழங்கினேன். அன்று அதட்டிய அதே மேலாளர், இறந்தவளுக்கு இனி என்ன இழப்பு என்றார். இழப்பு எனக்கு என்றேன். பதிவைத் திருத்தும்வரை ஒரு புதிய இணைப்பையும் திறக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வேலை போகுமா? போகட்டும். நம்முடையதை மட்டுமே நாம் சொல்ல வேண்டும் என்றாயே, தோழி. அந்தப் பிழை என்னுடையது. அதை இனி நானே அறிவிப்பேன்.