ஏலக்காய் மணக்கும் யானைக் கதை

அண்ணே,

நேற்று மதினி நூலகத்துக்கு வந்தார்கள். உங்கள் ஜீப்பைக் கழுவ எடுத்தபோது முன்பெட்டியில் கிடந்ததாம். பழைய துண்டில் சுற்றியிருந்த ஒரு குழந்தைகள் புத்தகத்தை என் மேசையில் வைத்தார்கள். பிரித்தேன். ஏலக்காய் வாசம் குப்பென்று அடித்தது. இத்தனை வருடமாக நான் தேடிய யானைக் கதை! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

அந்தக் கொரோனா ஊரடங்கில் கம்பம் பக்கமே அடங்கிக் கிடந்தது. கேரள எல்லையை அடைத்துவிட்டதால், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் உங்கள் ஜீப் வாசலிலேயே நின்றது. என் கிளை நூலகத்துக்கும் பூட்டு. பள்ளிக்கூடம் இல்லை, பல வீடுகளில் வகுப்பு கேட்க செல்போனும் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மளிகைக்கடைப் பலகையைப் படிக்கத் தெரியாமல் விழித்ததைப் பார்த்த அன்றுதான் மேலதிகாரியிடம் போய் நின்றேன். தெருத்தெருவாகப் புத்தகம் கொண்டுபோக அனுமதி தந்தார். ஒரே நிபந்தனை: எங்காவது கூட்டம் கூடினால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

நீங்களாகவேதான் வந்தீர்கள். "நமக்கும் படிப்புக்கும் ரொம்ப தூரம் தாயி. ஆனா வண்டி சும்மாதான நிக்குது, ஏத்துங்க" என்றீர்கள். திராட்சைப் பெட்டிகளைக் கழுவிக் காயவைத்து, அதில் புத்தகங்களை அடுக்கினோம்.

முதல் நாள் காலை, தெருமுனையில் வண்டியை நிறுத்தியதும் பழக்கதோஷத்தில் மூன்று முறை ஹாரன் அடித்தீர்கள் பாருங்கள்! எல்லை திறந்துவிட்டது, தோட்ட வேலைக்குக் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்து, தினமும் உங்கள் ஜீப்பில் ஏறும் பெண்கள் தூக்குச்சட்டியும் வயர்கூடையுமாக ஓடி வந்துவிட்டார்கள். பின்னாலேயே பிள்ளைகள். முதல் நாளே எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"என்னண்ணே, வேலைக்குன்னு பாத்தா புத்தகத்தோட வந்திருக்கீக? இதத் தின்னவா முடியும்?" என்று முன்னால் நின்ற அக்கா கேட்டார். உங்கள் முகம் சுருங்கிவிட்டது. அது புரியாமல் நானும் என் பங்குக்கு, "ஏண்ணே இப்படிப் பண்ணுனீக!" என்று கத்தினேன்.

நீங்கள் ஜீப்பின் பம்பரில் ஏறி நின்றீர்கள். "ஏ ஆத்தாக்களா, தப்பு என்னோடது. வேலை வந்தா மொத ஹாரன் உங்களுக்குத்தான். இப்பத் தள்ளி நில்லுங்க. தெருவுக்கு ஒருத்தி மட்டும் இங்கன இருங்க, மத்தவுக பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க!"

எந்தத் தெருவில் யார் பொறுப்பானவர் என்பது உங்களுக்கு மனப்பாடம். பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். சோறு கொண்டுவந்த வயர்கூடைகளில் புத்தகங்கள் ஏறின. கோபப்பட்ட அக்காதான் முதல் கூடையை நீட்டினார். "எங்க தெருவுல பன்னெண்டு பிள்ளைக. படம் போட்டதாக் குடுங்க."

கூட்டம் கலைந்தது, அனுமதி பிழைத்தது. அதன் பிறகு வாரந்தோறும் தெருவுக்கு ஒரு கூடை. திரும்பி வந்தவற்றை வெயிலில் காயவைத்து அடுத்த ஊருக்குக் கொண்டுபோனோம். அந்த மளிகைக்கடைப் பிள்ளை ஒருநாள் பலகை முழுவதையும் உங்களிடம் கத்திப் படித்துக் காட்டியது. "இது யார் யோசனை?" என்று மேலதிகாரி கேட்டபோது உங்களைக் கைகாட்டினேன், நீங்கள் ஜீப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டீர்கள். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா அண்ணே? இன்றும் சனிக்கிழமைதோறும் அதே மாதிரி வயர்கூடையோடுதான் தெருவுக்குப் போகிறேன்.

யானைக் கதை மட்டும் திரும்பவில்லை. யார் தொலைத்தது என்று நான் நச்சரிக்கும்போதெல்லாம், "வரும் தாயி, எங்க போயிரும்?" என்று தலையைச் சொறிவீர்கள்.

நேற்று மதினி உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார்கள். "எல்ல தெறந்த பொறவு, தோட்டத்துல ஆளுக வேல முடிஞ்சு வர்ற வரைக்கும் ஜீப்புக்குள்ள உக்காந்து எழுத்துக்கூட்டி இதத்தான் வாசிப்பாக. முடிக்காமக் குடுக்க வெக்கப்பட்டாக. முடிக்கிறதுக்குள்ள கண்ண மூடிட்டாக."

நசுங்கிய ஏலக்காய் ஒன்றை அடையாளமாக வைத்திருந்தீர்கள். இன்னும் இரண்டே பக்கம்தான் மிச்சம். மதினியை உட்காரவைத்து, அந்த இரண்டு பக்கங்களையும் உங்களுக்காகச் சத்தமாக வாசித்தேன்.

யானை வீடு போய்ச் சேர்ந்துவிட்டது, அண்ணே.