இடது கை சல்யூட்

பிப்ரவரி 11

போர்க்காலப் பிலிம் சுருள் ஒன்றைத் துடைத்துக் கணினியில் ஏற்றி முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. ஆவணப்பட இயக்குநர் நாலு தடவை போன். "இன்னுமா முடியலை?" அவருக்கென்ன!

வீட்டுக்கு வந்தால் வாசல் கதவு வழக்கம்போலத் தாழ் போடாமல் கிடக்கிறது. கத்தினேன். "உங்க மாமா வந்து தட்டிட்டு நிக்கணுமா?" என்றாள் அம்மா. போரில் காணாமல் போன தம்பிக்காக நான் பிறக்கும் முன்பிருந்தே இப்படித்தான். திருடனுக்கும் சேர்த்துத்தான் திறந்திருக்கிறது என்றால் அவளுக்குக் கோபம் வருகிறது.

பிப்ரவரி 14

சுருளில் ஒரு லாரி. ஆட்களை ஏற்றுகிறார்கள். கடைசியாகக் காலை இழுத்துக்கொண்டு ஏறுகிறவர் — அம்மா வைத்திருக்கும் போட்டோவில் உள்ள மாமா மாதிரியே. இயக்குநரிடம் கேட்டேன். "அந்த லாரில போனவங்க ஒருத்தரும் திரும்பலைம்மா. நேர்ல பார்த்தவங்களே பேட்டி குடுத்திருக்காங்க."

கடவுளே, அவராக இருக்கக்கூடாது.

பிப்ரவரி 16

அம்மாவை அலுவலகத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கிப் பார்த்தாள். "போடி! இவன் வலது காலை இழுக்கறான். என் தம்பிக்கு இடது கால்ல அடி. மரத்துலேர்ந்து விழுந்தப்ப நான்தானே தூக்கிட்டு ஓடினேன்?"

பஸ்ஸில் வழி முழுக்கப் பேச்சு. எனக்கும் உயிர் வந்தது.

பிப்ரவரி 17

அம்மா பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுகிறாள்.

பிப்ரவரி 23

அதே காட்சியை மறுபடி சரிபார்த்தேன். லாரிக்குப் பக்கத்தில் ஒரு சிப்பாய் அதிகாரிக்கு சல்யூட் அடிக்கிறான். இடது கையால். அடுத்தவனும் இடது கை. ஒரு படை முழுக்க இடது கைக்காரர்களா?

சுருளை எடுத்துத் தடவிப் பார்த்தேன். யாரோ உள்பக்கம் வெளியே வரும்படி சுற்றி வைத்திருக்கிறார்கள். நானும் பார்க்காமல் அப்படியே மாட்டியிருக்கிறேன். படம் முழுக்க இடம் வலமாகிவிட்டது. திருப்பி மாட்டி ஓட்டினேன்.

இடது காலை இழுத்துக்கொண்டு மாமா ஏறுகிறார்.

எப்படிச் சொல்வேன்? எதுக்குச் சொல்லணும்? சந்தோஷமாத்தானே இருக்கா!

பிப்ரவரி 24

சொல்லவில்லை.

பிப்ரவரி 25

இன்றும் இல்லை. "ஏண்டி மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கே?" என்கிறாள்.

மார்ச் 2

படம் வெளிவந்தால் தானே பார்த்துவிடுவாள். யாரோ காட்டுவதற்குப் பதில் நானே சொல்லிவிடலாம் என்று போனேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் பிலிமைத் திருப்பி மாட்டிட்டேன்."

புரியவில்லை. கண்ணாடி முன் நிறுத்தி, வலது கையைத் தூக்கச் சொன்னேன். கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மெல்ல இறங்கியது.

"ஏறும்போது திரும்பிப் பார்க்கறானா?"

"இல்லம்மா."

திரும்பிப் போய்ப் பூண்டின் முன் உட்கார்ந்து, "அந்த இடத்துல சோகப் பாட்டு கீட்டு போட வேண்டாம்னு உங்க டைரக்டர்கிட்ட சொல்லு" என்றாள். நான்தான் அழுதேன். அவள் மீதிப் பூண்டை உரித்தாள்.

மார்ச் 3

பாட்டு இல்லை என்று இயக்குநர் ஒத்துக்கொண்டார். அதை அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று சாயங்காலம் வேகமாக வந்து கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது.

என் வீட்டுக் கதவை முதல் தடவையாகத் தட்டினேன்.